மாத்திரை மேல் பழி போடலாமா?

அந்த அம்மாளுக்கு வயது 52. நான்கு ஆண்டுகளாக ரத்தக்கொதிப்பு. தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார்.

"எடையைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மாளும் முயன்றார். விடியற்காலையில் எழுந்து அரை மணி நேரம் நடந்தார். இரவில் சோற்றை நிறுத்தினார். இரண்டு சப்பாத்தியோடு படுத்தார்.

இரண்டு மாதம் கழித்து எடை போட்டுப் பார்த்தார். முன்பும் 78 கிலோ. இப்போதும் அதே 78 கிலோ!

அடுத்த வீட்டுப் பெண் கேட்டாள். உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"எல்லாம் அந்த மாத்திரையாலதான் அக்கா! என் நாத்தனாரும் அதைச் சாப்பிட்டுத்தான் இப்படி ஊதிப் போனாங்க. பேசாம நிறுத்திடுங்க."

மறுநாள் காலையில் மாத்திரை டப்பா திறக்கப்படவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. இப்படிப் பல வீடுகளில் நடக்கிறது. மாத்திரை நிற்கிறது. டாக்டருக்குத் தெரியாது. கணவருக்கும் தெரியாது. ஒரு நாள் வாய் கோணுகிறது, கை விழுந்துவிடுகிறது. அப்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிகிறது.

அடுத்த வீட்டுப் பெண் சொன்னது முழுப் பொய்யா? இல்லை. முழு உண்மையா? அதுவும் இல்லை. பாதி உண்மை! பொய்யைவிடப் பாதி உண்மைதான் அதிகக் கெடுதல் செய்யும். ஆகையால் மறு பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்தம் போடாத நோய்

இருதயம் ரத்தத்தைப் பம்பு செய்கிறது. ரத்தம் குழாய்களில் பாய்கிறது. அப்போது குழாயின் சுவரை அது அழுத்தும். அந்த அழுத்தம் 120/80 அளவில் இருந்தால் நல்லது. பல முறை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், அதுதான் ரத்தக்கொதிப்பு.

இந்த நோய் வலிக்காது. காய்ச்சல் வராது. பெரும்பாலோருக்கு ஓர் அறிகுறியும் இராது. உள்ளுக்குள்ளேயே மூளையையும், இருதயத்தையும், சிறுநீரகத்தையும், கண்ணையும் அரித்துக்கொண்டிருக்கும்.

உலகில் 30 வயது முதல் 79 வயது வரை உள்ளவர்களில் 128 கோடிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதாக 2021-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூறியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்தியாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 35 பேருக்கு மேல் ரத்தக்கொதிப்பு என்று அது சொன்னது. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 100-க்கு 39 பேருக்கு மேல்!

இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு அல்ல. தொப்பை உள்ள இடத்தில் ரத்தக்கொதிப்பும் வந்து உட்காருகிறது. அதனால்தான், மாத்திரை சாப்பிடும் மனிதரையே எடையையும் குறைக்கச் சொல்கிறார்கள். அந்த மனிதரும், "மாத்திரை என் எடையைக் கூட்டுமா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

ரத்தக்கொதிப்பு மாத்திரை என்று ஒரே மாத்திரை கிடையாது. பல வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது. எடை விஷயத்திலும் அப்படித்தான்.

முதலில், குற்றம் சாட்டப்படும் வகையைப் பார்ப்போம். அதன் பெயர் பீட்டா பிளாக்கர். அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோபுரனலால் ஆகியவை இந்த வகை. இதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1960-களில் இந்த மருந்து வந்தது. இருதய நோயாளிகளுக்குப் பெரிய வரமாக அமைந்தது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பயமோ கோபமோ வந்தால் உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு பாய்கிறது. இருதயம் படபடவென்று அடிக்கிறது. பீட்டா பிளாக்கர் அந்தச் சுரப்பின் வேலையைத் தடுக்கிறது. இருதயம் நிதானமாக அடிக்கிறது. அழுத்தம் இறங்குகிறது.

ஆனால் அட்ரினலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடம்பு கொழுப்பை எரிக்க அதுவும் உதவுகிறது. அதைத் தடுத்தால், எரிகிற அடுப்பைச் சற்றுத் தணித்தது போல ஆகிறது. சிலருக்குச் சோர்வும் வருகிறது. சோர்வு வந்தால் நடையும் குறைகிறது. ஆகையால் எடை கொஞ்சம் ஏறுகிறது.

எவ்வளவு ஏறுகிறது? அதுதான் முக்கியம். எட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2001-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். சுமார் 1.2 கிலோ! அதுவும் முதல் சில மாதங்களில் ஏறுகிறது. பிறகு அனேகமாக அப்படியே நிற்கிறது. பீட்டா பிளாக்கரிலேயே எல்லாம் ஒரே மாதிரி அல்ல. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனை 2004-ல் வெளியாயிற்று. மெட்டோபுரோலால் சாப்பிட்டவர்களுக்கு ஐந்து மாதத்தில் சராசரி 1.2 கிலோ ஏறியது. கார்விடிலால் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு எடை ஏறவில்லை என்றே சொல்லலாம்.

1.2 கிலோ என்பது பொய்யல்ல. ஆனால் மலையும் அல்ல!

நடப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடித் துடிப்பு அதிகம் ஏறாது. நாடியைப் பார்த்து, "நடை போதவில்லை" என்று ஓடக்கூடாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக்கூடாது. அந்த வேகம் போதும்.

தண்ணீர் போனால் கொழுப்பு போகுமா?

இரண்டாவது வகை, நீர் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தலிடோன் போன்றவை. உடம்பில் உள்ள உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இதைத் தொடங்கிய சில நாட்களில் எடை ஒரு கிலோ, இரண்டு கிலோ குறையலாம்.

"ஆகா, எடை குறைந்துவிட்டது!" என்று சந்தோஷப்படுகிறார்கள். குறைந்தது தண்ணீர். கொழுப்பு ஒரு குண்டுமணி அளவுகூடக் கரையவில்லை. தராசு பொய் சொல்லாது. ஆனால் குறைந்தது எது என்று தராசுக்குத் தெரியாது!

சிலர் இந்த மாத்திரையை இளைப்பதற்கென்றே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இது மிகவும் அபாயம். உடம்பிலிருந்து பொட்டாசியம் என்ற உப்பும் போய்விடும். கால் பிடித்து இழுக்கும். இருதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு சம்பவம் நினைவிருக்கும். 2003-ம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் சுழல் பந்து வீரர் ஷேன் வார்னே போட்டி தொடங்கிய நேரத்திலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய சிறுநீர்ப் பரிசோதனையில் நீர் மாத்திரை இருந்தது. தோற்றம் நன்றாக இருக்கவேண்டும் என்று அம்மா கொடுத்ததாக அவர் சொன்னார். வேறு மருந்துகளை மறைக்க நீர் மாத்திரை உதவும் என்பதால், விளையாட்டு வீரர்களுக்கு அது தடை செய்யப்பட்ட பொருள். அவருக்கு ஓராண்டுத் தடை!

அம்மா அன்போடுதான் கொடுத்தார். அடுத்த வீட்டுப் பெண்ணும் அன்போடுதான் சொன்னாள். மருந்து விஷயத்தில் அன்பு மட்டும் போதாது.

கால் வீங்கினால்?

மூன்றாவது வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அம்லோடிபின். இது ரத்தக் குழாயைத் தளர்த்திவிடுகிறது. நல்ல மருந்து. இதனால் கொழுப்பு கூடாது. ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மாலையில் செருப்பு இறுகும். எடையிலும் சிறிது ஏற்றம் தெரியலாம்.

வீங்கிய இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது நீர். ஊளைச்சதை அல்ல. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். அல்லது வேறு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பார். கால் வீக்கம் இருதயக் கோளாறினாலும் சிறுநீரகக் கோளாறினாலும் வரும். ஆகையால் காட்டாமல் இருக்கக்கூடாது. இருதய பலவீனம் உள்ளவர்களுக்கு மூன்றே நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான்காவது வகை எனலாபிரில், ராமிபிரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை. இந்த வகையின் பிறப்பே ஒரு கதை! பிரேசில் நாட்டில் ஒரு விரியன் பாம்பு உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். விஞ்ஞானிகள் அந்த விஷத்தை ஆராய்ந்தார்கள். அதிலிருந்து கிடைத்த அறிவைக் கொண்டு கேப்டோபிரில் என்ற மருந்தைச் செய்தார்கள். 1981-ல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது. இந்த வகை மாத்திரைகள் எடையைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. சிலருக்கு எனலாபிரில், ராமிபிரில் சாப்பிட்டால் வறட்டு இருமல் வரும். கர்ப்பிணிகள் இந்த வகை எதையும் சாப்பிடக்கூடாது.

நான்கு வகைகளையும் பார்த்தாகிவிட்டது. கொழுப்பு ஏறக் கொஞ்சம் இடம் கொடுப்பது ஒரே ஒரு வகைதான்.

உண்மையான குற்றவாளி யார்?

இப்போது அந்த அம்மாளின் 78 கிலோவுக்கு வருவோம். அவருடைய உயரத்துக்கு 60 கிலோ இருந்தால் போதும். அதிகம் 18 கிலோ. மாத்திரையின் பங்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. மீதி 16 கிலோவுக்கு மேல் எங்கிருந்து வந்தது?

கணக்குப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் காப்பி. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் சர்க்கரையில் 20 கலோரி. எட்டு ஸ்பூனுக்கு 160 கலோரி! அரை மணி நேரம் நடந்தால் சாதாரணமாக 100 முதல் 150 கலோரிதான் எரிகிறது. நடந்தது எல்லாம் காப்பியிலேயே போயிற்று!

இரவில் சோற்றை நிறுத்தியவர், நடந்துவிட்டு வந்ததும் பசிக்கிறதென்று இரண்டு வடை சாப்பிட்டார். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கக்கூடாது என்று வாயில் போட்டுக்கொண்டார். அதுவும் கணக்கில் இல்லை. நம் வீடுகளில் தாய்மார்களின் எடையில் பாதி, பிள்ளைகள் வைத்த மிச்சம்தான்!

உப்பையும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது ஒரு சிறிய ஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், கடை மிக்சர் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்கும். அழுத்தமும் ஏறும், எடையும் ஏறும். பழியை மட்டும் மாத்திரை சுமக்கும்!

உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் விற்கிறார்கள். எனலாபிரில், டெல்மிசார்ட்டன் வகை சாப்பிடுகிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

"ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறையும்" என்ற விளம்பரப் பொடிகளிடமும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சிபுட்ரமின் என்ற இளைக்கும் மருந்து உலகெங்கும் விற்றது. அது ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றியது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி செய்தது. 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை விலக்கினார்கள். மறு ஆண்டு இந்தியாவும் தடை செய்தது. இளைக்கப் போய் இருதயத்தை இழக்கலாமா?

எடை குறைந்தால் என்ன லாபம்?

லாபம் உண்டு. 25 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று 2003-ல் வெளிவந்தது. சராசரி 5 கிலோ குறைத்தவர்களுக்கு மேல் அழுத்தம் 4 புள்ளிக்கு மேல் இறங்கியது. ஏறக்குறைய, கிலோவுக்கு ஒரு புள்ளி! காசு கொடுக்காமல் கிடைக்கும் மருந்து இது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மாத்திரை எடையைப் பாதிப்பது கொஞ்சம். எடை மாத்திரையைப் பாதிப்பது அதிகம்! 78 கிலோவில் எழுதிக் கொடுத்த மாத்திரை, 68 கிலோவுக்கு வந்தவருக்கு அதிகமாகிவிடலாம். படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றும். கண் இருட்டும். வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார்கள்.

அப்படித் தலை சுற்றினால் டாக்டரிடம் போக வேண்டும். அவர் அளவைக் குறைப்பார். சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். எடையைக் குறைத்து, டாக்டர் சொல்லி மாத்திரையை விடுவது வெற்றி. எடை குறையவில்லை என்று தானாக மாத்திரையை விடுவது தற்கொலைக்குச் சமம்.

இது மிரட்டல் அல்ல. பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால், இவ்வளவு நாளும் அடக்கிவைத்த துடிப்பு எகிறும். இருதய நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அந்த மாத்திரை உயிர்க்காவல். ஒரு கிலோ எடைக்காக அதை இழப்பது அறிவாகாது. வேறு மருந்துக்கு மாற வேண்டுமானால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைத்து மாற்றுவார்.

டாக்டர் சொல்ல வேண்டாமா?

அந்த அம்மாள் மாத்திரையை நிறுத்தியது தவறு. சந்தேகமில்லை. ஆனால் தவறு அவருடையது மட்டும்தானா?

நான்கு ஆண்டுகளாக அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டது. "இந்த மாத்திரையால் எடை ஒரு கிலோ ஏறலாம், பயப்படாதீர்கள், நிறுத்தாதீர்கள்" என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் கிடைக்காததால், அடுத்த வீட்டுப் பெண் டாக்டரானாள்.

"சொன்னால் நோயாளி பயந்து மாத்திரையை விட்டுவிடுவார்" என்று சில டாக்டர்கள் நினைக்கிறார்கள். இது சரியல்ல. சொல்லாமல் விட்டாலும் நோயாளிக்குத் தெரியத்தான் போகிறது. தண்ணீர்க் குழாயடியில் தெரியும். பஸ்ஸில் தெரியும். அங்கே பாதி உண்மைதான் கிடைக்கும். முழு உண்மையை டாக்டர் வாயால் கேட்டவர் அவ்வளவு சுலபமாக மாத்திரையை விடமாட்டார். மறைத்தது தெரிந்தால், டாக்டர் மேல் உள்ள நம்பிக்கையும் போய்விடும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம் என்பது உண்மை. ஒரு டாக்டர் ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்ப்பார்? ஆகையால் எல்லாவற்றையும் டாக்டரே சொல்ல வேண்டும் என்பதில்லை. நர்சு சொல்லலாம். மருந்து கொடுப்பவர் சொல்லலாம். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக முடியுமானால், அதோடு இரண்டு வார்த்தையையும் கொண்டுபோக முடியும். நன்றாக எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிக்கு, மருந்து அட்டையின் உள்ளே மடித்து வைத்த ஆங்கிலக் காகிதத்தால் என்ன பயன்?

நோயாளிக்கும் கடமை உண்டு. டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். வாய்மூடி உட்கார்ந்து, சீட்டை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் வருகிறது. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே மூன்றுதான்:

"இந்த மாத்திரையால் எடை கூடுமா?"

"எடையைக் கூட்டாத வேறு மாத்திரை எனக்குச் சரிப்படுமா?"

"எடை குறைந்தால் எப்போது வந்து பார்க்க வேண்டும்?"

இதைக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தராசை மட்டும் நம்பவும் வேண்டாம். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும். தினமும் பார்த்தால் தண்ணீர் ஏறி இறங்குவதுதான் தெரியும். ஒரு நாடாவை எடுத்து இடுப்பையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். எடை அசையாவிட்டாலும் இடுப்பு குறைந்தால், முயற்சி வீண் போகவில்லை என்று அர்த்தம்.

வடைதான் வழி மறித்தது

அந்த அம்மாள் என்ன ஆனார்? மூன்றாம் நாள் மகள் வந்தாள். டப்பாவைத் திறந்தாள். மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"என்னம்மா இது?" என்று பதறினாள். அம்மாவைக் கையோடு அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் அழுத்தத்தைப் பார்த்தார். 170/100! அவர் திட்டவில்லை. நிறுத்தியதற்குக் காரணம் கேட்டார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். பழைய சீட்டுகளைப் பார்த்தார் டாக்டர். இருதயத்தையும் பரிசோதித்தார்.

"நீங்கள் சந்தேகப்பட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது அம்மா. முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு இருதயக் கோளாறு எதுவும் இல்லை. அதனால் வேறு மாத்திரைக்கு மெதுவாக மாற்றலாம். ஆனால் ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார்.

பிறகு, "நடந்து முடித்ததும் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் மகளைப் பார்த்தார். மகள் சிரித்துவிட்டாள்.

"ரெண்டே ரெண்டு வடை டாக்டர்!"

மாத்திரை ஒரு கிலோ கூட்டியிருக்கலாம். அதை டாக்டர் மாற்றுவார். வடையை டாக்டரால் மாற்ற முடியாது. அது அவரவர் கையில் இருக்கிறது!